பங்கஜத்தின் காலில் அரை விரற்கடை

கிட்டே வாருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். மடக்க முடியாதவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், இங்கே யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். இன்றைக்குக் காலைப் பற்றித்தான் கதை. தாலி கட்டிய மனைவியின் காலை மூன்று மாதம் சந்தேகப்பட்ட ஒரு மனுஷனின் கதை. பாதியில் எழுந்து போகாதீர்கள், முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்கால்மேட்டில் நீலமேகம் என்று ஒரு இன்ஜின் மெக்கானிக். வயது அறுபத்தைந்து. விசைப்படகின் இன்ஜினிலிருந்து பின்னால் விசிறி வரைக்கும் ஒரு நீள இரும்புத் தண்டு போகும். ஷாஃப்ட் என்பார்கள். இன்ஜினும் அதுவும் ஒரே நேரில் உட்கார வேண்டும். தலைமயிர் அளவு தப்பினாலும் நடுக்கடலில் படகு அதிரும், தண்டைத் தாங்குகிற புஷ் தேயும், தண்ணீர் உள்ளே வரும். தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அந்த நேரைப் பிடிப்பதில் நீலமேகத்தை மிஞ்ச அந்தத் துறைமுகத்தில் ஆள் கிடையாது. நாற்பது வருஷம் அதையே பார்த்த கண் வேறு எதையாவது ஒழுங்காகப் பார்க்குமா? கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டார். பந்தல்கால் சாய்ந்து நிற்கிறதே என்பார்.

அவர் மனைவி பங்கஜவல்லி. பங்கஜம் என்றால்தான் ஊருக்குத் தெரியும். ஏலத்தில் மீன் எடுத்துச் சுரக்குடி வரைக்கும் கொண்டுபோய் விற்கிறவள். பத்து வருஷமாக அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்து, கால் இரண்டும் வெளிப்பக்கமாக வில் போல வளைந்துவிட்டன. "ஏ பங்கஜம், உன் காலுக்கு நடுவுல குடத்த உருட்டி விடலாம்டி" என்று மாரிக்கண்ணு கிண்டல் செய்வாள். மாரிக்கண்ணுவும் மீன்காரிதான், ஏலத்தில் பங்கஜத்துக்குப் போட்டி. கடைசி இரண்டு வருஷம் பங்கஜத்தால் ஏலக் கூட்டத்தில் நிற்கவே முடியவில்லை. ஓரமாக உட்கார்ந்திருப்பாள். மாரிக்கண்ணு முன்னால் நின்று எடுத்துவிட்டு, மிச்சத்தை இவளுக்குத் தள்ளிவிடுவாள். அது முட்டி வலியைவிடப் பெரிய வலி.

தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். இரண்டு முட்டியும் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்றார் டாக்டர். மார்கழியில் வலது கால் முடிந்தது. சித்திரையில் இடது கால் என்று தேதி குறித்தார்கள். அந்த மாதத்தைப் பங்கஜமே கேட்டு வாங்கினாள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதம் படகு போகாது, ஏலம் கிடையாது, வியாபாரமும் கிடையாது. அதற்குள் கால் தேறிவிட்டால் ஆனியில் படகுகள் திரும்ப இறங்கும்போது அவளும் இறங்கிவிடலாம். அந்தத் தேதியை விட்டால் இன்னொரு வருஷம் ஓரத்தில் உட்கார வேண்டியதுதான்.

விஷயம் எங்கே கோணியது தெரியுமா? கட்டுப் பிரித்த மூன்றாம் வாரம் பங்கஜம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் அதிசயப்பட்டார்கள். நீலமேகம் மட்டும் எதிரே தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடினார்.

"என்னாங்க, சாமி கும்புடுறீங்களா?" என்றாள் பங்கஜம்.

"பேசாம நில்லு புள்ள. வலது கால்ல நேர் இல்ல."

"என்னா இல்ல?"

"நேரு. நேரு இல்ல."

சட்டைப் பையிலிருந்து தூண்டில் நரம்பை எடுத்தார். ஒரு நுனியைத் தொடைச் சந்தில் அவளையே பிடிக்கச் சொன்னார். மறு நுனியைக் கணுக்கால் நடுவில் வைத்து இழுத்தார். முட்டிச் சில்லின் நடு, நரம்புக்கு வெளியே அரை விரற்கடை, அதாவது விரல் அகலத்தில் பாதி, தள்ளி நின்றது. ஆபரேஷன் முடிந்தபின் இடுப்பிலிருந்து பாதம் வரை எடுத்த நீள எக்ஸ்ரேயை ஜன்னலில் தூக்கிப் பிடித்து அதிலும் நரம்பை வைத்தார். அங்கேயும் அப்படித்தான். பழைய வில் போய்விட்டது, வாஸ்தவம். ஆனால் நட்ட கம்பம் போல நேராக இல்லை. லேசான வளைவு மிச்சம் இருந்தது.

அன்றைக்கு உட்கார்ந்த சந்தேகம் எழுந்திருக்கவே இல்லை. பெரிய டாக்டர் கை கழுவப் போன நேரத்தில் சின்ன டாக்டர் மாட்டியிருப்பானோ? அளவு தப்பான சாமானை வைத்து அழுத்தி மூடிவிட்டார்களோ? ஆபரேஷன் நடக்கும்போது ஒரு நர்ஸம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடினாரே, எதற்கு ஓடினார்? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது அந்த ஓட்டம் நீலமேகத்தின் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. பங்கஜம் அடுப்படியில் நடந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இன்ஜின் சத்தம் கேட்கிற மாதிரி. ஒரு அடி கனமாக விழுகிறதோ? மறு அடி லேசாக விழுகிறதோ?

பயிற்சி கொடுக்க வாரம் மூன்று நாள் சுஹைனா என்று ஒரு பிசியோதெரபிப் பெண் ஸ்கூட்டரில் வருவாள். காரைக்கால் டவுனில் வீடு. கெட்டிக்காரி, வாயும் ஜாஸ்தி. ஒரு நாள் நீலமேகம் பங்கஜத்தின் செருப்பை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"பாரும்மா. வலது செருப்புல வெளி ஓரம் எப்புடித் தேஞ்சிருக்கு பாரு. பாரம் சரியா எறங்கலன்னு அர்த்தம். இதுக்கு என்னா சொல்றே?"

சுஹைனா செருப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "மாமா, இது ஆபரேஷனுக்கு முந்தி போட்ட செருப்பு. புதுசு அந்தா கெடக்குது."

பங்கஜம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீலமேகத்துக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

"சரி, செருப்ப விடு. கால் கோணலா இருக்கா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"கொஞ்சம் வளைவு இருக்கு மாமா. அது தப்பு நடந்து வந்தது இல்ல, டாக்டர் தெரிஞ்சேதான் விட்டுருக்காங்க. அத்தைக்குக் கொமரியா இருக்கும்போதே லேசா வளைஞ்ச கால்தானாம். அந்த உடம்பு அதுக்குத்தான் பழகியிருக்கு. முழுக்க நிமித்தணும்னா ஒரு பக்கத்துத் தசைநார வெட்டித் தளர்த்தணும். அதுக்குப் பதிலா அவங்க கால் எப்புடியோ அப்புடியே கொஞ்சம் விட்டுட்டாங்க."

"எல்லா டாக்டரும் இப்புடித்தான் செய்றாங்களா?"

"இல்ல மாமா. நெறைய பேரு நேராத்தான் வெப்பாங்க. அதுலயும் நல்லா நடக்குறவங்க இருக்காங்க, இதுலயும் இருக்காங்க. எது யாருக்கு நல்லதுன்னு அவங்களுக்குள்ளயே பேச்சு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப அவங்களுக்கே தெரியாதுன்னு சொல்லு."

சுஹைனா பங்கஜத்தைப் பார்த்தாள். பங்கஜம் சுஹைனாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஏதோ இருந்தது. அதற்குப் பிறகு நீலமேகம் கவனிக்க ஆரம்பித்தார். இவர் உள்ளே நுழைந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாள், "பத்து நிமிஷம் தாங்குனேன், அதுக்கு மேல முடியல" என்று பங்கஜத்தின் குரல் கேட்டது. இவர் செருப்புச் சத்தம் கேட்டதும், "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று பேச்சு மாறியது. வலியை மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். டாக்டர் கெடுத்துவிட்டார், இந்தப் பெண் பூசி மெழுகுகிறாள், பங்கஜம் இவருக்குப் பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கிறாள். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது, கண்ணுகளா. சந்தேகம் வந்துவிட்டால் எதுதான் பொருந்தாது?

பங்குனி பிறந்து நாட்கள் ஓடின. தடைக்காலம் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் உறுதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் அந்தத் தேதியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் நீலமேகம். "ஒரு காலு கெட்டது போதும்."

"கெட்டுப் போச்சுன்னு நான் சொன்னேனா?"

"நீ சொல்ல மாட்டே. உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

பங்கஜம் எழுந்தாள். அவள் காலுக்கு அவள் கையெழுத்தே போதும்தான். ஆனாலும் முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டிருக்க, தனியாகப் போய் அந்த மேசையில் படுக்க அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளே போய்ப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள். நீலமேகத்துக்கு அதுவும் ஒரு சாட்சியாகப் பட்டது.

புதன்கிழமை அவர் டவுனுக்குப் போனார். அங்கே காஜா நஜ்முதீன் இன்ஜின் சாமான் கடை வைத்திருந்தார். முப்பது வருஷச் சிநேகிதர். அவருக்கும் போன வருஷம் முட்டி மாற்றியிருந்தது, வேறொரு பெரிய ஊரில், வேறொரு டாக்டர். மகன் துபாயிலிருந்து லீவு போட்டு வந்து கூடவே இருந்து பார்த்துக்கொண்டான். "கால் பழைய மாதிரி ஆயிட்டு, அல்ஹம்துலில்லாஹ்" என்று பாய் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"பாய், வேட்டியக் கொஞ்சம் ஏத்துங்க" என்றார் நீலமேகம்.

"யாருய்யா இவன், வந்ததும் வராததுமா!"

"ஒரு அளவு பாக்கணும்."

கடைக்குள்ளே, சாமான் அலமாரிக்குப் பின்னால், நஜ்முதீன் பாய் நின்றார். நீலமேகம் நரம்பைப் பிடித்தார். தொடை, முட்டி, கணுக்கால். மூன்றும் ஒரே கோட்டில் நின்றன. ஒரு நூல் பிசகில்லை. இவர் கையாலேயே பிடித்து வைத்த ஷாஃப்ட் மாதிரி.

"பாத்தீங்களா! இதான் வேலை. அவன் எம் பொண்டாட்டி காலக் கெடுத்துட்டான் பாய். நான் அப்பவே சொன்னேன்."

பாய் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து ஏதோ பெல்ட் கேட்டார். அது பரண் மாதிரி உயர்த்திக் கட்டிய இடத்தில் இருந்தது, நாலு படி. பாய் ஏறினார். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினார். இறங்கும்போது திரும்பி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், இரண்டு கையாலும் அலமாரியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அந்த நேரான கால் மடங்கவே பயந்தது. வந்தவர் பெல்ட்டை வாங்கிக்கொண்டு போனதும் பாய் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து நெற்றியைத் துடைத்தார்.

நீலமேகம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யார்ட்டயும் சொல்லிடாதே" என்றார் பாய் மெதுவாக. "புள்ள அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து பாத்துப் பாத்துச் செஞ்சான். வாப்பா கால் எப்புடி இருக்குன்னு ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் போன்ல கேக்குறான். வலிக்குதுன்னு எப்புடிச் சொல்லுவேன்? எக்ஸ்ரே பாத்த டாக்டரும் எல்லாம் அருமையா இருக்குன்னுதான் சொல்றாரு. அருமையாத்தான் இருக்கு, படத்துல."

"நேராத்தானே இருக்கு பாய்?"

"நேராத்தான் இருக்கு. ஆனா உள்ள இறுக்கிக் கட்டுன மாதிரி இருக்குய்யா. என்னைய மாதிரியே நேரா வெச்சுக்கிட்டவன் என் மச்சான் ஒருத்தன், ஆடு மாதிரி ஓடுறான். எனக்கு மட்டும் ஏன் இப்புடின்னு தெரியல." முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஆமா, உன் வீட்டம்மா படியெறங்கும்போது எந்தக் கால மொதல்ல கீழ வைப்பாங்க?"

நீலமேகம் நரம்பைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். முட்டிச் சில்லு எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவள் படி இறங்குவதை அவர் பார்த்ததே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு யாரைச் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில், "சுஹைனா வீடு வரைக்கும் போய்ட்டு வாரேன், மிஷின்ல ஏதோ பயிற்சியாம்" என்று சொல்லிவிட்டுப் பங்கஜம் கிளம்பினாள். வாசல் தாண்டும்போது சேலைக் கரையில் ஏதோ மின்னியது. நீலமேகம் கண்ணைச் சுருக்கினார். மீன் செதில். துவைத்த சேலையில் செதில் எப்படி வரும்? அப்படியானால் முந்தின நாள் கட்டிய சேலையையே மறுபடியும் கட்டியிருக்கிறாள். முந்தின நாளும் இதே பயிற்சி என்றுதான் போனாள். அப்படியானால் அன்றைக்குப் போன இடம் சுஹைனா வீடு இல்லை.

பின்னாலேயே போனார். தெருமுனையில் ஸ்கூட்டர் நின்றது. பங்கஜம் ஏறி உட்கார, சுஹைனா வண்டியைத் துறைமுகப் பக்கம் திருப்பினாள். நீலமேகம் ஒரு ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார்.

துறைமுகத்தில் தடைக்காலத்துக்கு முந்தின கடைசி வாரக் கூட்டம். ஐஸ் பெட்டிகளின் அடுக்குக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தார். பங்கஜம் ஓரத்தில் இல்லை. நடுவில் நின்றாள். ஏலக்காரர் சங்கரா மீன் குவியலுக்குப் போனால் இவளும் போனாள், வாளைக்குப் போனால் இவளும் போனாள். சுஹைனா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ பங்கஜம், தள்ளி நில்லுடி. அது எடம் என்னுது" என்றாள் மாரிக்கண்ணு.

"பட்டா வாங்கி வெச்சிருக்கியா?"

"இரும்புக் கால் வந்ததும் கொழுப்பப் பாரு!"

"இன்னும் ஒண்ணு வரப்போவுது. அப்ப மிதிச்சே தள்ளுவேன், பாத்துக்க."

கூட்டம் சிரித்தது. மாரிக்கண்ணுவும் சிரித்துவிட்டாள், ஆனால் இடத்தை விடவில்லை. இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

நீலமேகம் பேச்சைக் கேட்கவில்லை. காலைப் பார்த்தார். பத்து நிமிஷம். இருபது. அரை மணி. அவள் களைத்தபோது உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். எந்தப் பக்கம் சாய்கிறாள்? வலது பக்கம். அவர் கோணல் என்று சொன்ன கால்மேல்தான் முழு உடம்பையும் ஏற்றி, இடது காலைச் சும்மா தரையில் தொட்டு வைத்திருந்தாள். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. தற்செயலாக இருக்கும் என்று மறுபடியும் பார்த்தார். மறுபடியும் வலதுதான். பிறகு மேடையிலிருந்து கீழே இறங்குகிற மூன்று படிக்கு அவள் வந்தாள், இடுப்பில் அரைக் கூடை சங்கராவோடு. முதலில் இடது காலைக் கீழே வைத்தாள். அப்போது மேல் படியில் நின்ற வலது கால் மெதுவாக மடங்கி, அவளையும் கூடையையும் பதமாகக் கீழே இறக்கிவிட்டது. அதிரவில்லை. ஆடவில்லை. கைப்பிடியை அவள் தொடக்கூட இல்லை.

எந்த இடத்தில் பாரம் ஏறுகிறது, அந்த இடம் அதைத் தாங்குகிறதா என்பது அவருக்குத் தெரிந்த விஷயம். அதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு பெண்பிள்ளை புருஷன் பார்க்காத இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடிக்க மாட்டாள்.

ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பங்கஜம் திடுக்கிட்டுக் கூடையைச் சுஹைனாவிடம் தள்ளினாள்.

"எத்தன நாளா நடக்குது இது?"

"மூணு வாரமா" என்றாள் சுஹைனா. "திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க மாமா. மொத நாளு பத்து நிமிஷம்தான் நின்னாங்க. இன்னைக்கு நாப்பத்திரெண்டு."

"எங்கிட்ட ஏன் மறைச்சே புள்ள?"

பங்கஜம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொன்னா நீங்க வந்து ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு எதிர்ல உக்காருவீங்க. நான் நடப்பேனா, உங்க கண்ணப் பாப்பேனா? மூணு மாசமா என் கால அளந்தீங்களே, வலிக்குதான்னு ஒரு நாளு கேட்டீங்களாங்க?"

நீலமேகம் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றிலும் மீன் வாரிக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது. இடது காலு. உயிர் போவுது."

"வலது?"

"அது ஒண்ணுதான் என்னைய இங்க வரைக்கும் கொண்டாந்துது."

அவர் கூடையை வாங்கிக்கொண்டார். வீடு வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவரே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். தேதியை உறுதி செய்யச் சொல்லிவிட்டு, டாக்டரோடு பேச வேண்டும் என்று பிடிவாதமாகக் காத்திருந்தார். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் லைனில் வந்தார். பங்கஜமும் பக்கத்தில் நின்று போனில் காதை வைத்தாள்.

"சார், நான் பங்கஜவல்லி வீட்டுக்காரரு. அந்த வலது கால்ல அரை விரற்கடை விட்டிருக்கீங்களே, அது தெரிஞ்சு விட்டதுதானே?"

"தெரிஞ்சுதான் விட்டேங்க. நல்லா நடக்குறாங்களா?"

"நடக்குறா. அப்ப இடது காலுலயும் அதே அளவுதானா?"

"அத இப்ப சொல்ல முடியாதுங்க. அந்தக் கால அளந்து, தசைநார் எவ்வளவு தாங்குதுன்னு உள்ள பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன். நேரா வெச்சா நல்லதுன்னு தெரிஞ்சா நேராவே வெப்பேன். ரெண்டு காலும் ஒரே மாதிரி இருக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். சம்மதமா?"

நீலமேகத்தின் கை சட்டைப் பையில் இருந்த நரம்பைத் தேடியது. நாற்பது வருஷத்தில் அவர் கண் பார்த்து ஒப்புக்கொள்ளாத எதையும் அவர் கை விட்டதில்லை. டாக்டர் இரண்டு தடவை "ஹலோ" என்றார். பங்கஜம் அவர் தோளில் கையை வைத்தாள்.

"சம்மதங்க" என்றார் நீலமேகம். "நேரோ வளைவோ, உங்க கண்ணுக்குப் படுறபடி செய்யுங்க. அவ கூடையோட படியெறங்கணும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட நானே கூட வாரேன்."

அவ்வளவுதான், செல்லங்களா. கேட்ட உங்கள் வீட்டில் யார் எழுந்தாலும் சுவரைத் தேடாமல் எழுந்திருக்கட்டும். வாசற்படி ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் கால் துணை நிற்கட்டும். வலிக்கிறது என்று சொல்ல ஒருவருக்கு வாய் வரட்டும், வலிக்கிறதா என்று கேட்க இன்னொருவருக்கு மனசு வரட்டும். உங்கள் வீட்டுச் சோறும் மீனும் குறையாமல், எல்லாரும் நல்லபடியாக இருங்கள்.